சூரிய மின் வளர்ச்சியை அளவிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவுதிறனையே, அதாவது ஒரு நிலையம் ஒரு நேரத்தில் அதிகபட்சமாகத் தரக்கூடிய மின்திறனையே, உற்பத்தி என்று எடுத்துக்கொள்வது, சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசுவோரிடம் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. உலகின் மொத்தச் சூரிய மின் நிறுவுதிறன் 2022-இல் 1,000 ஜிகாவாட்டைத் தாண்டி, 2024 முடிவதற்குள் அதன் இருமடங்கை எட்டியது. மலைக்க வைக்கும் வேகம்தான் இது. ஆனால், ஒரு மெகாவாட் திறன் ஆண்டு முழுவதும் இடைவிடாது இயங்கினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்க வேண்டும். இரவும் மேகமும் குறுக்கிடும் சூரிய மின் நிலையத்தில், ஜெர்மனி போன்ற வெயில் குறைந்த நாட்டில் ஏறத்தாழ 10 லட்சம் யூனிட்டும், வெயில் மிகுந்த நாடுகளில் 15 லட்சத்துக்குச் சற்று மேலும்தான் கிடைக்கும். ஆகவே, அனல் மின் நிலையத்தின் மெகாவாட்டையும் சூரிய மின் நிலையத்தின் மெகாவாட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வரைபடங்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வெயில் கொளுத்தினால் உற்பத்தி பெருகும் என்பதும் பாதி உண்மையே. பேனலுக்கு வேண்டியது ஒளி. பேனலின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின், கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது.

எத்தனை யூனிட் என்பதோடு, எந்த நேரத்தில் என்பதையும் கேட்க வேண்டும். நண்பகலில் மின்சாரம் மிஞ்சிவிட, சூரியன் சாய்ந்ததும் தேவை திடீரென மற்ற நிலையங்களின் மேல் விழுவதைக் காட்டும் 'வாத்து வளைவு' வரைபடத்தைக் கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பு இயக்குநர் அமைப்பு 2013-லேயே வெளியிட்டது. வியட்நாமில், அரசு அறிவித்த கவர்ச்சியான கொள்முதல் விலை காலாவதியாவதற்குள் இணைந்துவிட வேண்டும் என்று 2019-லும் 2020-லும் நிலையங்கள் பெருகின. மின்கடத்துப் பாதைகள் அதே வேகத்தில் வளராததால், பின்னர் உற்பத்தியின் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும்படி நேர்ந்தது. மின்பாதைக்கும் பேட்டரி சேமிப்புக்கும் ஒதுக்கப்படும் பணத்தை விட்டுவிட்டு, பேனலுக்குக் கிடைக்கும் உதவியை மட்டும் அரசு ஆதரவாகக் கணக்கிடுவது இத்தகைய நெருக்கடிகளை மறைத்துவிடும்.

அரசு ஆதரவு என்றாலே கருவூலத்திலிருந்து வரும் மானியம் என்று நினைப்பதும் சரியல்ல. ஜெர்மனியின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், சூரிய மின்சாரத்தை நிர்ணயித்த விலையில் 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள உறுதியளித்தது. அதற்கான செலவு 2022 நடுப்பகுதி வரை பெரும்பாலும் மின் நுகர்வோர் கட்டணத்தில் கூடுதல் தொகையாகச் சேர்க்கப்பட்டது. அந்த உறுதி உருவாக்கிய சந்தையை நம்பிச் சீனாவில் தொழிற்சாலைகள் பெருகியதே, பேனல் விலை உலகெங்கும் சரிந்ததற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இதே முறை ஸ்பெயினில் வேறு விதமாக முடிந்தது. 2010-க்குள் 400 மெகாவாட் என்ற இலக்கு வைத்திருந்த அந்நாட்டில், 2007-இல் அறிவித்த தாராளமான விலையின் விளைவாக 2008-இல் மட்டும் 2,500 மெகாவாட்டுக்கும் மேல் நிறுவப்பட்டது. பேனல் விலை இறங்கிய வேகத்துக்குக் கொள்முதல் விலை இறக்கப்படாததால் சுமை தாங்க முடியாததாயிற்று. 2010 முதல் 2013 வரை, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த நிலையங்களின் வருவாயையும் அரசு குறைக்க, முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களை நாடினர். ஆதரவின் அளவைவிட, அது எப்போது, எந்த விதிப்படி குறையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது முக்கியம் என்பேன்.

கூரையில் பேனல் அமைக்க எண்ணுவோர் மானியத் தொகையையே பார்த்துக்கொண்டிருப்பது, ஆதரவின் அளவை மட்டும் கவனிக்கும் இதே தவறின் சிறு வடிவம். உபரி மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு அனுப்பினால் அது யூனிட்டுக்கு யூனிட்டாகக் கழிக்கப்படுமா, அல்லது குறைந்த விலையில் வரவு வைக்கப்படுமா என்பதே பல ஆண்டுக் கணக்கைத் தீர்மானிக்கிறது. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பின் விண்ணப்பித்தவர்களுக்கு இந்த வரவு பெருமளவு குறைந்தது. குறைந்த வரவு நடைமுறையில் உள்ள இடங்களில் கூரை கொள்ளும் மட்டும் பேனல் பதிப்பதைவிட, பகல் நேரப் பயன்பாட்டுக்கு ஏற்ற அளவில் அமைப்பதே பெரும்பாலும் லாபகரமானது. பேனல் இருப்பதால் மின்வெட்டு பாதிக்காது என்று நம்புவதும் தவறு. பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில், பழுதுபார்க்கும் ஊழியர்களின் பாதுகாப்பு கருதி, கட்டமைப்பில் மின்சாரம் நின்றவுடன், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும்.