அரிய நோய்க் குழந்தைகளின் பெற்றோர் குழு: பெங்களூரில் தொடங்குவது எப்படி?

நிம்ஹான்ஸிலோ இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையிலோ ஓ.பி.யில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் காதில் தமிழ் விழாமல் இருக்காது. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரத்து ஆட்கள் கொஞ்சம் பேர். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒரே நோய் உள்ள இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, டோக்கன் நம்பர் வந்ததும் பேசாமலே எழுந்து போவதும் உண்டு. அரிய நோய்கள் சுமார் 7,000 இருப்பதாகச் சொல்கிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஏகப்பட்ட குடும்பங்கள். ஆனால் உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இன்னொருவர் இருக்க மாட்டார்.

அப்படிப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க ஒரு சின்னக் குழு தொடங்கும் விதத்தை இங்கே சொல்கிறேன். சங்கமாகப் பதிவு செய்வது, லெட்டர்ஹெட் அடிப்பதெல்லாம் இதில் வராது. என் மகனுக்கு டி.எம்.டி., அதாவது டூஷென் தசைச்சிதைவு நோய். அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும்.

படி 1: ஒரே ஒரு குடும்பத்தைத் தேடுங்கள்

எடுத்த எடுப்பிலேயே வாட்ஸ்அப் குரூப் தொடங்காதீர்கள். முன்பின் தெரியாத நாற்பது பேரைச் சேர்த்தால் குட் மார்னிங் படங்கள்தான் வந்து குவியும்.

டாக்டரிடமோ மரபணு ஆலோசகரிடமோ இன்னொரு நோயாளியின் நம்பரைக் கேட்டால் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அதனால் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு சீட்டில் இவ்வளவு எழுதினால் போதும்:

"எங்கள் மகனுக்கு எட்டு வயது, டி.எம்.டி. அல்சூரில் இருக்கிறோம். தமிழ், கன்னடம் பேசுவோம். பேசத் தோன்றினால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்."

கீழே நம்பர். பிள்ளையின் பெயர், போட்டோ, ரிப்போர்ட் எதுவும் வேண்டாம். பிசியோதெரபிஸ்டிடமும் ஒரு சீட்டு கொடுங்கள். டாக்டர் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பார், பிசியோ வாரா வாரம் பார்ப்பார். யாருக்கு யார் ஒத்துப்போவார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

பெங்களூரிலேயே இருக்கும் அமைப்புகளையும் கேளுங்கள். ஆர்கனைசேஷன் ஃபார் ரேர் டிசீசஸ் இந்தியா எல்லா அரிய நோய்களுக்கும் பொதுவானது. பிப்ரவரி கடைசி நாளில் வரும் அரிய நோய் தினத்தையொட்டி 'ரேஸ் ஃபார் செவன்' என்று ஏழு கிலோமீட்டர் ஓட்டம் நடத்துவது இவர்கள்தான். டி.எம்.டி.க்கு என்றே பெங்களூரில் டார்ட் அறக்கட்டளை இருக்கிறது. செல்லுக்குள் கழிவு சேர்ந்துபோகும் கௌச்சர், போம்பே, எம்.பி.எஸ். போன்ற நோய்களுக்கு எல்.எஸ்.டி.எஸ்.எஸ். என்ற பெற்றோர் அமைப்பு நாடு முழுக்கச் செயல்படுகிறது.

அதே நோய் யாருக்கும் இல்லையா? அதே கஷ்டம் உள்ளவரைத் தேடுங்கள். டியூப் வழியாகச் சாப்பாடு கொடுக்கும் இரண்டு அம்மாக்களுக்கு நோயின் பெயர் வேறாக இருந்தாலும் பேச நிறைய இருக்கும்.

படி 2: முதல் போன்

இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது, அவசரப்படாதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் ரிப்போர்ட் வந்து ஒரு வாரம்கூட ஆகாதவராக இருக்கலாம். "உங்க பையன் இன்னும் நடக்கிறானா?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். டி.எம்.டி. பையன்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதைத் தொடும் சமயத்தில் நடை நின்றுவிடும். அதை அவரிடம் டாக்டரே சொல்லியிருப்பார். நீங்களும் சொல்ல வேண்டியதில்லை. "சாப்பிட்டீங்களாக்கா? வீட்ல யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?" இந்த இரண்டு கேள்வி போதும், அப்புறம் அவரே பேசுவார். அழுதால் அழட்டும். "எல்லாம் சரியாப் போயிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொல்வதற்கு ஊரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

எப்படியும் ஒரு பேச்சு வரும்: "எங்க வழியில யாருக்கும் இப்படி இல்லைன்னு மாமியார் சொல்றாங்க." அத்தை மகனைக் கட்டியவர் என்றால் அந்தப் பழி இன்னும் கூடுதலாக வரும். டி.எம்.டி. தாய் வழியாக வருவது உண்மை. ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அம்மாவிடம் இல்லாத புது மரபணு மாற்றமாகவே வருகிறது. எஸ்.எம்.ஏ. (முதுகுத்தண்டு நரம்பு பாதித்து தசை தளரும் நோய்), கௌச்சர் போன்றவற்றில் அப்பா, அம்மா இருவரிடமும் அந்த மாற்றம் இருந்தாக வேண்டும்; அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. இந்த அளவுக்குத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன என்று மரபணு ஆலோசகர் சொல்லட்டும், நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

படி 3: நேரில் சந்திப்பது

நான்கைந்து குடும்பம் சேர்ந்ததும் சந்திக்கலாம். கப்பன் பார்க் வசதியான இடம். பக்கத்திலேயே மெட்ரோ, ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு. எந்த இடமானாலும் ஒருவர் முன்னாடியே போய், வீல்சேர் நுழையும் டாய்லெட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். "இருக்கு சார்" என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையைவிட ஓ.பி. நாள் மதியம் தோது.

பிள்ளைகளை அழைத்து வருவதா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஐந்து வயது மகன் ஓடியாடிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு, பதினைந்து வயதுப் பையனை வீல்சேரில் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. முதல் சந்திப்பு பெரியவர்களுக்கு மட்டும் என்று வைப்பதே என் கட்சி.

அப்பாக்கள் வர மாட்டார்கள். வந்தாலும் பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். "அண்ணா, இந்த யு.டி.ஐ.டி. ஃபார்ம் எப்படிப் போடறதுன்னு இவருக்குச் சொல்லுங்க" என்று ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள், ஃபார்மில் ஆரம்பித்து வேறு எங்கெங்கோ போகும். (யு.டி.ஐ.டி. என்பது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. தசைச்சிதைவு, ஹீமோஃபீலியா இரண்டும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வருகின்றன.)

படி 4: இப்போது வாட்ஸ்அப்

மருந்தின் அளவைக் குரூப்பில் போடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டி.எம்.டி. பிள்ளைகள் சாப்பிடும் ஸ்டீராய்டின் அளவு எடையைப் பொறுத்தது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். "எங்க டாக்டர் குறைச்சிட்டார்" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு இன்னொரு வீட்டில் பாதி மாத்திரை போடுவார்கள். ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்கும் விளம்பரங்களையும் உடனே நீக்குங்கள், டி.எம்.டி.க்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அடுத்தவர் பிள்ளையின் போட்டோவை வெளியே அனுப்பக் கூடாது என்பதையும் சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

படி 5: பணம்

2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு உதவி உண்டு. அது கையில் வராது, சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனை வழியாகத்தான் வரும். பெங்களூரில் அது மரபணு ஆய்வு மையமும் இந்திரா காந்தி மருத்துவமனையும் சேர்ந்தது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. விவரங்களை ஒருவர் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கட்டும். குழுவுக்குள் கைமாற்று, சீட்டு வேண்டவே வேண்டாம்.

படி 6: ஒரு பிள்ளை இறந்துபோனால்

இதை முன்கூட்டியே பேச யாருக்கும் மனசு வராது. ஆனால் பேசாமல் விட்டால், ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ குரூப்பில் போட்டோவுடன் ஆர்.ஐ.பி. போடுவார்கள், அதே நோயுள்ள பிள்ளை பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் போட்டோ புரியும்.

அதனால் செய்தி முதலில் அட்மினுக்கு வரட்டும். அவர் ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லட்டும், காலையில். குரூப்பில் என்ன எழுதலாம், எழுதலாமா என்பதை அந்தக் குடும்பம் சொல்லும். அவர்களை நீங்களாகக் குரூப்பிலிருந்து எடுக்காதீர்கள். சிலர் இருக்கவே விரும்புவார்கள். சிலருக்கு அடுத்தவர் பிள்ளையின் பிறந்தநாள் படத்தைப் பார்க்க முடியாது. ஒரு மாதம் கழித்து ஒருவர் கேட்டால் போதும்.

யாராவது தாங்க முடியாத நிலையில் பேசினால் நீங்களே சமாளிக்கப் பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். கூட இருந்து போன் போட்டுக் கொடுங்கள்.

கடைசியாக, அட்மின் இரண்டு பேர் இருக்கட்டும். உங்கள் பிள்ளை அட்மிட் ஆகியிருக்கும் நாட்களில் குரூப் முழுவதும் இன்னொருவர் பொறுப்பு என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.