ஹோம் தியேட்டர்: எதை வாங்குவது, எதை எதில் செருகுவது

பெரும்பாலும் ரிசீவரைத்தான், அதாவது ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியைத்தான், முதலில் தேடுகிறார்கள். தேட வேண்டிய வரிசை வேறு: அறை, ஸ்பீக்கர், ரிசீவர், கடைசியாக கேபிள். ஒலியின் தரத்தை முடிவு செய்வது முதல் இரண்டும்தான். மற்ற இரண்டும் சரியாக இருந்தால் போதும், ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை.

டேப்பை எடுத்து அறையின் நீள அகலத்தையும், டிவிக்கும் உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். சோபாவுக்குப் பின்னால் ஒரு மீட்டராவது இடம் இல்லையென்றால் 7.1 (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வேண்டாம், 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போதும். சப்வூஃபர் என்பது அடித்தொனிக்கு மட்டுமான பெட்டி. பக்கவாட்டில் ஒரு புறம் சுவர், மறுபுறம் நடைவழி என்று இருந்து சரவுண்ட் ஸ்பீக்கர்களை (பக்கத்திலும் பின்னாலும் வைப்பவை) வைக்கவே வழியில்லையா? முன்னால் மூன்றும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 3.1 வைத்துக்கொள்ளுங்கள். தப்பான இடத்தில் வைத்த சரவுண்டைவிட அது எவ்வளவோ மேல்.

திரைப்படத்தில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. ஆகவே பணத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் சரவுண்டில் குறையுங்கள், சென்டரில் குறைக்காதீர்கள். இடது, வலது, சென்டர் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்கட்டும். இல்லாவிட்டால், ஒரு கார் திரையின் இடமிருந்து வலம் போகும்போது அதன் சத்தம் நடுவில் நிறம் மாறும்.

வாட்ஸ் கணக்கு

ஸ்பீக்கர் பெட்டியில் பார்க்க வேண்டிய எண் வாட்ஸ் அல்ல, சென்சிடிவிட்டி. 88 டெசிபெல் என்றால், 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 88 டெசிபெல் சத்தம். சென்சிடிவிட்டி 3 டெசிபெல் கூடினால் அதே சத்தத்துக்கு பாதி வாட்ஸ் போதும். 88 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் கொடுத்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒரே ஸ்பீக்கரிலிருந்து ஏறக்குறைய 95 டெசிபெல் கிடைக்கும். சாதாரண வீட்டு அறைக்கு அது தாராளம்.

ரிசீவர் விளம்பரத்தில் 150 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தால் கீழே உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். '1 சேனல், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன்' என்றிருந்தால் அந்த எண்ணை ஒதுக்குங்கள். '2 சேனல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 8 ஓம், 0.1 சதவீதத்துக்குக் கீழ்' என்று கொடுத்திருக்கும் எண்தான் ஒப்பிட உதவும். பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச வாட்ஸ்) கணக்கு எதற்கும் உதவாது. 4 ஓம் ஸ்பீக்கர் வாங்குவதாக இருந்தால், ரிசீவரின் பின்புறம் 4 ஓம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 6 ஓமுக்கு மட்டும் செய்த ரிசீவர், சத்தம் ஏற ஏற சூடாகி பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும்.

ஸ்பீக்கர் ஒயர்

10 மீட்டர் தூரம் வரை 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். போக, வர 20 மீட்டருக்கு அதன் தடை 0.23 ஓம்தான், ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் காதுக்குத் தெரியாது. அதைவிட நீளமென்றாலோ 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலோ 2.5 எடுங்கள். விலை மலிவாக, கையில் எடுத்தால் லேசாக இருக்கும் ஒயர் பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதில் தடை ஒன்றரை மடங்குக்கு மேல்.

ஒயர் வேலை முடியும்வரை ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். முனையை 1 செ.மீ. மட்டும் சீவி, இழைகளை இறுக்கி முறுக்குங்கள். டெர்மினலைத் திருகிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒரே ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டால்கூட ரிசீவர் போட்டவுடன் அணைந்துவிடும். புது ரிசீவர் பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படுவதற்கு இந்த ஒற்றை இழையும் ஒரு காரணம்.

ஒயரின் ஒரு கம்பியில் கோடோ, மேடோ, வேறு நிறமோ இருக்கும். அதை எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்பு டெர்மினலுக்கே கொடுங்கள். இடது, வலதில் ஒன்று மட்டும் மாறினால் சத்தம் வரும், ஆனால் பேஸ் மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் அறை முழுக்கக் கரைந்துவிடும். சுவருக்குள் போன ஒயரில் சந்தேகமா? ரிசீவர் பக்கம் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பாஸிட்டிவ் முனை சிவப்புக்குப் போனால் ஊஃபர் (ஸ்பீக்கரின் பெரிய கூம்பு) வெளியே தள்ளும்.

எச்டிஎம்ஐ: அதிகம் சிக்குவது இங்கேதான்

பிளேயர், செட் டாப் பாக்ஸ், கேம் கன்சோல் எல்லாம் ரிசீவரின் இன்புட்டில். ரிசீவரின் அவுட்புட்டிலிருந்து ஒரே கேபிள் டிவிக்கு. அதை டிவியின் ஏதோ ஒரு ஓட்டையில் செருகினால் ஆகாது. பக்கத்தில் ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையில்தான் போக வேண்டும். அப்போதுதான் டிவிக்குள் இருக்கும் ஆப்களின் ஒலி அதே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பி வரும்.

செருகியதோடு வேலை முடியவில்லை. டிவியில் மூன்று செட்டிங் மாற்ற வேண்டும். சிஇசி, அதாவது கருவிகள் எச்டிஎம்ஐ வழியாக ஒன்றையொன்று இயக்கும் வசதி, ஆன் (சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர்). ஒலி வெளியேறும் இடம் ரிசீவர். டிஜிட்டல் அவுட்புட் 'பாஸ் த்ரூ' (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) அல்லது 'ஆட்டோ'. இந்த மூன்றாவதை விட்டுவிடுபவர்களே அதிகம். அது 'பிசிஎம்' (டிவியே ஒலியைப் பிரித்து அனுப்புவது) என்றே இருந்தால் சாதாரண ஏஆர்சியில் ஸ்டீரியோ மட்டுமே போகும். ரிசீவர் அதைச் சரவுண்டாகப் பரப்பிக் காட்டுவதால் வருடக்கணக்கில் தெரியாமலே போகலாம். 5.1 படம் ஒன்றைப் போட்டு, ரிசீவரின் தகவல் பக்கத்தில் உள்ளே வரும் சிக்னல் என்ன என்று பாருங்கள். 2.0 என்று காட்டினால் செட்டிங் தப்பு.

ஸ்ட்ரீமிங் ஆப்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற ஒலி வடிவம், அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் வகை) உட்பட, ஏஆர்சியிலேயே போகும். புளூரே வட்டிலுள்ள ட்ரூஎச்டி (தரம் குறையாத டால்பி ஒலி) டிவி வழியாக வர வேண்டுமானால் இ-ஏஆர்சி தேவை. பிளேயரை நேராக ரிசீவரில் செருகினால் அந்தக் கவலையே இல்லை. ரிசீவர் பழையது, கன்சோலின் 4கே 120 ஹெர்ட்ஸைக் கடத்தாது என்றால், கன்சோலை மட்டும் டிவியில் செருகி ஒலியை இ-ஏஆர்சியில் திரும்ப எடுங்கள்.

ஆப்டிகல் கேபிளில் ஸ்டீரியோ, பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 மட்டுமே. முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் அழுத்திவிட்டு சத்தம் வரவில்லை என்று தேடுவதும் நடக்கும்.

4கே 60 ஹெர்ட்ஸ் எச்டிஆருக்கு 18 ஜிகாபிட், 8கே அல்லது 4கே 120க்கு 48 ஜிகாபிட் கேபிள். சாதாரண செம்புக் கேபிளை முன்னதற்கு 5 மீட்டர், பின்னதற்கு 3 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஃபைபர் கேபிள். அதற்குத் திசை உண்டு, 'சோர்ஸ்' என்ற முனை பிளேயர் அல்லது ரிசீவர் பக்கம். படம் விட்டுவிட்டுக் கறுத்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல். ஏஆர்சி ஒலி திடீரென நின்றால் டிவி, ரிசீவர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, ஓரிரு நிமிடம் கழித்து முதலில் டிவியைப் போடுங்கள்.

இடம், சப்வூஃபர், அளவீடு

இடது, வலது ஸ்பீக்கர்கள் உட்காரும் இடத்திலிருந்து நடுவுக்கு 30 டிகிரி வீதம் இரு புறமும், ட்வீட்டர் (கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்) காது உயரத்தில். சரவுண்ட் 110 டிகிரியில், அதாவது காதுக்குப் பக்கத்திலிருந்து சற்றே பின்னால்.

சப்வூஃபரை கண்ணுக்கு அழகான இடத்தில் வைக்காதீர்கள். 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள ஒலி இரு முனைச் சுவரோரமும் வீங்கும், நட்டநடுவில் காணாமல் போகும். இடம் தேட எளிய வழி: சப்வூஃபரை சோபாவில், உங்கள் இருக்கையிலேயே தூக்கி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டு, சுவரோரம் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே வையுங்கள். ரிசீவரிலிருந்து ஒரே ஆர்சிஏ கேபிள், சப்வூஃபரின் எல்எஃப்இ (அடித்தொனி) ஓட்டைக்கு. அதன் கிராஸ்ஓவர் குமிழை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்குப் போகும் என்பதைக் குறிப்பது) உச்ச ஹெர்ட்ஸ் வரை திருப்பிவிடுங்கள், பிரிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும்.

ரிசீவரின் மைக்கை ஸ்டாண்டில், காது உயரத்தில் நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். சோபாவின் முதுகில் வைத்தால் அளவு கெடும். முடிந்ததும், 'லார்ஜ்' என்று பதிந்த ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி (அடித்தொனி சப்வூஃபருக்குப் போகும்) கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸாகக் கொடுங்கள். கையளவு ஸ்பீக்கர்களுக்கு 100 முதல் 120. சப்வூஃபரின் தூரம் டேப் அளவைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்தாதீர்கள், அதற்குள் நடக்கும் தாமதத்தை ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. மற்ற ஸ்பீக்கரில் அப்படி இருந்தால் திரும்ப அளந்து பாருங்கள்.

சப்வூஃபரில் இடைவிடாத ரீங்காரம் கேட்டால் கேபிள் டிவி அல்லது ஆன்டெனா ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் லூப், அதாவது கருவிகள் இரு வழிகளில் எர்த் ஆகி உருவாகும் மின்சுற்று. அந்த ஒயரில் ஐசொலேட்டர் போட்டால் தீரும். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பதும் உதவும். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், அது உயிர் காக்கும் பின்.

உதடு அசைவதற்கு முன்பே குரல் வந்தால் ரிசீவரின் ஆடியோ டிலேயை (ஒலித் தாமதம்) 20 மில்லிசெகண்ட் வீதம் கூட்டிப் பாருங்கள். குரல் பின்தங்கினால் அதைச் சுழியாக்கிவிட்டு, டிவியின் ஒலி செட்டிங் இன்னும் 'பாஸ் த்ரூ'வில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சில டிவிகளில் சாஃப்ட்வேர் அப்டேட் ஆனதும் அது பழையபடி 'பிசிஎம்'முக்குப் போய்விடுவது உண்டு.