புதன்கிழமை மூன்று மணி: தேவன் வைத்த வேலையைத் தொடங்குவது எப்படி

"ஆண்டவர் உன்னை எதற்காகப் படைத்தார்?" என்று ஆராதனையில் பிரசங்கம் ஆரம்பித்தாலே எனக்கு வயிறு கலங்கும். பதில் தெரிந்தவர்கள் எல்லாம் முன்வரிசையில் இருப்பதுபோலவும், நான் மட்டும் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து கடைசி பெஞ்சில் ஒளிந்திருப்பதுபோலவும் இருக்கும். எனக்கு வயது 52. படிப்பு பத்தாம் வகுப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் பக்கம், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு 27 வருடமாகச் சட்டையும் சுடிதாரும் தைக்கிறேன். நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னால் "அன்பின் பரலோக பிதாவே" என்பதற்கு மேல் நாக்கு எழும்பாது.

இப்படி ஒருத்தி வழி சொல்ல வருகிறாளே என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடமாக ஒரு வேலை செய்து வருகிறேன். படுக்கையில் கிடக்கிற வயசாளிகளுக்கு உடையை மாற்றித் தைத்துக் கொடுப்பது, நகம் வெட்டிவிடுவது, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அவ்வளவுதான். இதில் வந்து சேர எனக்குப் பத்து வருடம் பிடித்தது. அதில் ஏழெட்டு வருடம் சும்மா போனது.

முதலில் நோட்டு, அப்புறம் பைபிள்

ஆயர் வாசித்தால் கோபப்படுவார். பரவாயில்லை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி ஒரு வாரம் மட்டும், தினமும் படுக்கப்போகும் முன், அன்றைக்கு நேரம் எங்கே போனது என்று எழுதுங்கள். எப்படிப் போக வேண்டும் என்று எழுதாதீர்கள், போனதை எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

நான் எழுதியபோது ஒரு செவ்வாய்க்கிழமை போனில் மட்டும் இரண்டேகால் மணி நேரம். அது தெரிந்ததுதான். தெரியாமல் இருந்தது இன்னொன்று. சபை ஆண்டு விழாவுக்குப் பாடகர் குழுப் பெண்களுக்கு ஒரே நிறத்தில் சேலை எடுப்பது சம்பந்தமாக மூன்று சாயங்காலம் போயிருந்தது. மாம்பழ மஞ்சளா, மயில்கழுத்தா என்று. நான் பாடகர் குழுவிலேயே இல்லை! சங்கத்துப் பொருளாளர் என்ற முறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

சபை வேலை என்று எழுதியதைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். எனக்கு அந்த வாரம் ஒன்பது மணி நேரம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை நான் செய்யாமல் விட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும் என்று எழுதினேன். அசனம் என்கிற சபை விருந்துக்குக் காய் வெட்டியதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, அது நாலு பேர் வயிற்றுக்குப் போனது. மற்றதில் பாதிக்கு எதிரே எழுத ஒன்றுமில்லை. சினிமா, சீரியல் என்று வீணாக்கியிருந்தால் மனசாட்சி குத்தியிருக்கும். சபைக்காரியம் என்பதால் குத்தவில்லை. உள்ளதிலேயே மோசமான ஒளிவிடம் அதுதான் என்பது என் எண்ணம்.

நேரத்துக்குச் செய்ததைக் காசுக்கும் செய்யுங்கள். பாஸ்புக்கை எடுங்கள். நாங்கள் நகையை அடகு வைத்து மாடி எடுத்தோம். கீழே இரண்டு அறை பூட்டிக் கிடக்கும்போதே எடுத்தோம். ஏன் என்று கேட்டால் எங்கள் மைனி வீட்டில் மாடி இருந்தது. வேறு காரணம் யோசித்துப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. ஆகாய் தீர்க்கதரிசி, ஓட்டைப் பையில் கூலியைப் போடுகிறவனைப் பற்றிச் சொல்கிற இடத்தை அந்த வாரம்தான் உண்மையில் வாசித்தேன். அதனால்தான் நோட்டு முதலில் என்றேன். கணக்குத் தெரிந்த பிறகு வாசித்தால் வசனம் யாரைச் சொல்கிறது என்று தெரியும்.

யார் உங்களைத் தேடி வந்தார்கள்

"என் தாலந்து என்ன" என்று யோசிக்க உட்காராதீர்கள். நான் பல வருடம் யோசித்தேன். பாட்டு வராது, பேச்சு வராது, பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கத் தைரியம் இல்லை. மிஞ்சியது ஒன்றுமில்லை என்று முடிவுக்கு வருவேன். அதற்குப் பதிலாக, போன ஆறு மாதத்தில் யார் யார் எதற்கு உங்களைத் தேடி வந்தார்கள் என்று எழுதுங்கள். அற்பமாகத் தெரிவதையும் விடாமல் எழுதுங்கள்.

என் பட்டியலில் அடுத்த தெருப் பாட்டி இருந்தார். 81 வயது. மகன் மஸ்கட்டில், மகள் சென்னையில். நாலு படுக்கையறை உள்ள வீட்டில், அடுக்களையை ஒட்டின சின்ன அறையில் ஒற்றைக்கு இருந்தார். நம்ம மாவட்டத்தில் இப்படி எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். டைல்ஸ் பளபளக்கும், ஆள் இருக்காது. அவர் சட்டை கொக்கியைப் பெரிதாக வைத்துத் தரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார். இரண்டு தடவையும் பெரிய கொக்கி வைத்துக் கொடுத்தனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

மூன்றாம் தடவை நானே கொண்டு போனேன். போட்டுக்காட்டச் சொன்னேன். விரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. கொக்கி எவ்வளவு பெரிசானாலும் அந்த விரலுக்கு மாட்ட வராது. கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளைந்து போயிருந்ததால் செருப்புப் போடாமல் நடந்தார். "மக்களே, ஒனக்கு இதுக்கெல்லாம் நேரம் உண்டுமா?" என்று கேட்டார். எனக்கு மயில்கழுத்துச் சேலை ஞாபகம் வந்தது.

மோசே திக்குவாய் என்று சாக்குச் சொல்வதற்கு முன்னாலேயே ஆண்டவர் கேட்டது அவன் கையில் என்ன இருக்கிறது என்றுதான். ஆடு மேய்க்கிற கோல் இருந்தது. என் கையில் அளவு டேப் இருந்தது.

எங்கள் அம்மாவின் அம்மா லேஸ் பின்னினவர். நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று பழைய மிஷன் வரலாறு சொல்லும். எவ்வளவோ பிரசங்கம் நடந்திருக்கும் இந்த மண்ணில். ஊசியும் நூலும் செய்த இந்த வேலையை யாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, தையல் தெரிந்தவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கை நடுங்குகிறவர்களின் சட்டையில் கொக்கியை எடுத்துவிட்டு வெல்க்ரோ என்கிற ஒட்டுப்பட்டை வையுங்கள். மெத்தென்ற பட்டை மேல் மடிப்பின் உட்புறம், உடம்பைப் பார்த்து வர வேண்டும். சொரசொரப்பான பட்டை கீழ் மடிப்பின்மேல், வெளியே பார்த்து வர வேண்டும். மாற்றி வைத்தால் வயசாளிகளின் தோலைச் சுரண்டிவிடும். முழு நீளத்துக்கு ஒட்ட வேண்டாம், இரண்டு அங்குலத் துண்டாக நாலு இடத்தில் போதும். கழற்றின பழைய கொக்கியையோ பட்டனையோ மேலே சும்மா அலங்காரத்துக்குத் தைத்துவிடுங்கள். பார்ப்பதற்கு எல்லாருடைய சட்டை மாதிரியும் இருக்க வேண்டும். பாட்டி முதலில் தடவிப் பார்த்தது அந்தப் பட்டனைத்தான்.

எழும்பவே முடியாதவர்களுக்கு நைட்டி. முதுகின் நடுவில் கழுத்திலிருந்து அடிவரை வெட்டி, இரண்டு பக்கமும் துணி கூட்டி, நாலு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி தையுங்கள். கையை முன்பக்கமாக நுழைத்துவிட்டால் போதும், ஆளைத் தூக்க வேண்டியதில்லை. ஒட்டுப்பட்டை கழுத்துக்கிட்டே மட்டும். முதுகிலும் இடுப்பிலும் தடித்த தையலோ பட்டையோ வந்தால் அதன்மேல் படுத்துப் படுத்துப் புண்ணாகும். துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டிப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மற்றத் துணியையெல்லாம் பிடித்து இழுக்கும்.

சந்தேகம் போகட்டும் என்று காத்திருந்தால்

போகாது. நாலு வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போது "நீ என்ன நர்ஸா?" என்ற கேள்வி கூடவே வருகிறது.

ஒரு தடவை அந்தக் கேள்வி சரியாகவும் இருந்தது. ஒரு பெரியவருக்கு நகம் வெட்டும்போது கொஞ்சம் ஆழமாகப் பட்டு ரத்தம் வந்துவிட்டது. அவருக்குச் சுகர் உண்டு என்பது எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற மகள் போனில் பிடித்து நல்லா ஏசினாள். மூன்று வாரம் நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. நான் இதற்கு லாயக்கில்லை, ஆண்டவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்று மெஷினில் இருந்தபடியே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த மூன்று வாரத்தில் ஒன்று புரிந்தது. சந்தேகம் சொல்வதை அப்படியே ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "உனக்குச் சுகர்காரர்களின் கால் பற்றித் தெரியாது" என்று இருந்தால் அது தகவல். போய்ப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். "நீ எதற்கும் ஆகாதவள்" என்று இருந்தால் அதற்குப் பதில் தேட வேண்டாம். அதோடு வாதாடி ஜெயித்த ஆளை நான் பார்த்ததில்லை. பின்னாலேயே வரட்டும் என்று விட்டுவிட்டு நடக்க வேண்டும். என் விஷயத்தில் முதல் வாக்கியம் இரண்டாம் வாக்கியத்தின் சேலைக்குள் ஒளிந்திருந்தது.

சபையில் ரிட்டயர் ஆன நர்ஸ் அக்கா ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது: சுகர் உள்ளவர்களுக்கு நீ வெட்டாதே. விரல் இடுக்கைப் பார், ஈரம் இருந்தால் துடை. புண், நிறமாற்றம் இருந்தால் அன்றைக்கே வீட்டாரிடம் சொல். மற்றவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் காலை வைத்து, நகத்தை நேர்கோட்டில் வெட்டு, ஓரத்தைத் தோண்டாதே. படுக்கையில் கிடப்பவர்கள் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கச் சொல். 2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள். என் நோட்டில் ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. பத்து வருடப் பயத்துக்கு!

ஜெபம் பண்ணத் தெரியாததற்கும் ஒரு வழி கிடைத்தது. பெரிய எழுத்து பைபிளைக் கொண்டு போய் 23ஆம் சங்கீதமோ 121ஆம் சங்கீதமோ வாசிப்பேன். பாட்டி அடுத்த வரியை எனக்கு முன்னால் சொல்லிவிடுவார். தப்பாக வாசித்தால் திருத்துவார். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம்.

நேரத்தைப் பூட்டி வையுங்கள்

நேரம் கிடைக்கும்போது செய்கிறேன் என்பது நடக்காது. எனக்குப் புதன் மூன்று மணியிலிருந்து நாலரை வரை. ஏன் புதன் என்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய சட்டை எல்லாம் வியாழன், வெள்ளியில்தான் கழுத்தைப் பிடிக்கும். எங்கள் வீட்டுக்காரர் விடிய முன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போய் வந்து மத்தியானம் தூங்கி எழும்புகிற நேரமும் அது, மழையானால் பைக்கில் கொண்டு விடுவார். உங்கள் வாரத்தில் எந்த நேரம் தளர்ச்சி என்று நோட்டே சொல்லும். ஒன்றரை மணிக்கு மேல் எடுக்காதீர்கள். அரை நாள் என்று ஆரம்பித்தவர்கள் இரண்டாம் மாதம் நிறுத்திவிடுகிறார்கள்.

பொருளாளர் பொறுப்பை விட்டேன். விடும்போது "ஆண்டவர் என்னிடம் பேசினார்" என்று சொல்லாதீர்கள். அதற்கு எதிரே இருப்பவர் என்ன பதில் சொல்ல முடியும்? "அக்கா, புதன் சாயங்காலம் எனக்கு வேறு வேலை உண்டு, கணக்கு நோட்டை மார்ச்சில் ஒப்படைத்துவிடுகிறேன்" என்றேன். இரண்டு வாரம் ஊர் பேசியது. அப்புறம் வேறு பேச்சு கிடைத்துவிட்டது.

பிடித்ததை எல்லாம் விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. எங்கள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் சாமர்வெல் கதையை இங்கே தியாகக் கதையாகத்தான் சொல்வார்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்த்து, லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய வாழ்க்கையை விட்டு வந்து இங்கே இருபது வருடத்துக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார். எல்லாம் உண்மை. ஆனால் நெய்யூருக்கு வந்த பிறகும் 1924இல் மறுபடி எவரெஸ்ட் ஏறப் போனார், 28,000 அடி வரைக்கும் போய்த் திரும்பினார், கடைசிவரை ஓவியம் வரைந்துகொண்டும் இருந்தார். இதை ஏன் விட்டுவிட்டுச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் சனிக்கிழமை ராத்திரி சீரியல் பார்ப்பதை விடவில்லை.

டிசம்பரில் இது எல்லாம் குலையும். கிறிஸ்துமஸ் துணி மலைபோல் வந்து குவியும். போன டிசம்பரில் மூன்று புதன் போகவில்லை. முதல் வருடமாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். ஜனவரி முதல் புதன் போனபோது பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. காலை நீட்டினார், அவ்வளவுதான்.

இன்னொன்று, போட்டோ எடுக்காதீர்கள். சபைக் குழுவில் போட யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவர்களின் கால் அது.

இந்த வாரம் இரண்டு நைட்டி வெட்டி வைத்திருக்கிறேன். ஒன்று பாட்டிக்கு. போன மாதம் விழுந்ததிலிருந்து அவர் எழும்பவில்லை. நீலப் பூப்போட்ட துணிதான் வேண்டும் என்றார். வெல்க்ரோ தீர்ந்துபோனது, நாளைக்குத் திங்கள்சந்தையில் வாங்க வேண்டும்.