செம்பருத்தி எண்ணெய் சிவப்பாக இருக்காது

சித்தி மகள் போன மாதம் காங்கேயத்தில் செக்கு எண்ணெய் ரெண்டு லிட்டர் வாங்கி, தோட்டத்துச் செம்பருத்தியைப் போட்டுக் காய்ச்சினாள். பத்தே நாளில் ஊசல் வாடை. "ஏனுங்க்கா, எண்ணெய் கலப்படமாட்டத் தெரியுதுங்க" என்றாள்.

எண்ணெய் மேல் குற்றமில்லை. பூவை அலசிய ஈரத்தோடு கடாயில் போட்டு, ரெண்டு கொதியில் இறக்கிவிட்டாள். பூவுக்குள் இருப்பதே பெரும்பாலும் தண்ணீர்தான். ரெண்டு நாள் நிழலில் வாட்டிவிட்டு, சிறு தீயில் காய்ச்ச வேண்டும். முதலில் நுரைத்துச் சடசடக்கும். தண்ணீர் வெளியேறும் சத்தம் அது. சத்தம் அடங்கி, இதழைக் கிள்ளினால் வத்தல்போல் நொறுங்கும் பதத்தில் இறக்கிவிடணும். தாண்டினால் கருகல் நாற்றம்.

எண்ணெய் சிவக்கவில்லை என்பது அவளுடைய இன்னொரு குறை. சிவக்காது. பூவின் நிறம் ஆந்தோசயனின். தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சுடுதண்ணீரில் நாலு இதழ் போட்டால் ஊதா இறங்கும், எலுமிச்சை பிழிந்தால் சட்டென்று செக்கச்சிவப்பாகும். எண்ணெய் ரத்தச் சிவப்பாக இருந்தால் வேம்பாளம்பட்டையோ சாயமோ சேர்ந்திருக்கிறது.

பூவையே பார்ப்பதில் இலையை விட்டுவிடுகிறோம். அம்மாயி அரப்போடு அரைத்தது செம்பருத்தி இலையைத்தான். அந்த வழுவழுப்பு அழுக்கையும் எடுக்கும், சிக்கையும் பிரிக்கும். முடி வளர்ச்சி பற்றி 2003-ல் வந்த ஒரு ஆய்விலும் பூவைவிட இலைச் சாறுதான் மேலாக இருந்தது. எலிகளில் செய்தது, அதனால் வழுக்கையில் முளைக்கும் என்று நம்ப வேண்டாம்.

நர்சரியில் வாங்கிய உடனே பூவைத் தின்னாதீர்கள். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி தீராத தொல்லை. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி பரவியபோது இதையும் விடவில்லை. செடிக்குள் ஊடுருவும் மருந்து அடித்திருந்தால், கழுவினாலும் போகாது.

ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று பேசப்படும் 'செம்பருத்தி டீ' பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வேறு செடியில் நடந்தவை. அது புளிச்சகீரை இனத்து ரோசெல்லா, அதிலும் பூவின் அடியிலுள்ள சிவப்புப் புல்லிவட்டம். வேலியோரப் பூவைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவது வம்பு. கர்ப்பிணிகளும், குழந்தைக்கு முயல்பவர்களும் உள்ளுக்கு எடுக்கவே வேண்டாம்.

கெட்டுப்போன ரெண்டு லிட்டரை விளக்குக்கு ஊற்றச் சொன்னேன். ஈரம் போகவில்லையே, திரி ராத்திரி முழுக்கப் பொரிந்துகொண்டே எரிந்ததாம்.