நேஷனல் ஃபாரஸ்டில் கூட்டம் வைக்க: 75 என்ற கணக்கு

அமெரிக்காவில் தமிழ்ச் சங்க பிக்னிக், பொங்கல் விழா என்று எதையாவது வெளியில் வைக்க இடம் தேடுகிறீர்களா? பக்கத்தில் நேஷனல் ஃபாரஸ்ட் (அமெரிக்க மத்திய அரசின் வனத்துறை பார்த்துக்கொள்ளும் காடு) இருக்கிறதா என்று பாருங்கள். நுழைவுக் கட்டணம் வாங்காத கூட்டம், 75 பேருக்குக் குறைவு என்றால் பொதுவாக அனுமதிச் சீட்டே தேவையில்லை. வேடிக்கை பார்க்க வருபவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

75 பேரோ அதற்கு மேலோ வந்தால் அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கிடைத்த 48 மணி நேரத்துக்குள் வனத்துறை மறுக்கவில்லை என்றால், விதிப்படி அனுமதி கொடுத்ததாகவே பொருள். அதற்காகக் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பகுதி ரேஞ்சர் அலுவலகத்துக்கு முன்பே ஒரு போன் போட்டு, நெருப்புத் தடை ஏதும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வறண்ட மாதங்களில் பல இடங்களில் விறகு அடுப்பு மூட்டவே விடமாட்டார்கள்.

தலைக்கு 10 டாலர் என்று டிக்கெட் போட்டால் இந்தச் சலுகை போச்சு. லாபமே இல்லாவிட்டாலும் அது வணிக நிகழ்ச்சிதான். தனி அனுமதி, தனிக் கட்டணம். கூரை போட்ட பிக்னிக் ஷெல்டரை முன்பதிவு செய்தால் அதற்கும் பணம் உண்டு. அப்புறம், நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. நேஷனல் பார்க், ஸ்டேட் பார்க், கவுண்டி பார்க் எதற்கும் இந்த 75 கணக்கு செல்லாது.