லினக்ஸ் கணினிக்கு வரைகலை உள்நுழைவுத் திரை தேவையா? முடிவெடுக்கும் முறை

கணினியை இயக்கியதும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரையை டிஸ்பிளே மேனேஜர் என்னும் தனி நிரல் காட்டுகிறது. க்னோம் டெஸ்க்டாப்புடன் ஜிடிஎம் என்னும் டிஸ்பிளே மேனேஜரும், கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப்புடன் பெரும்பாலும் எஸ்டிடிஎம்மும் வருகின்றன. அதை நிறுத்திவிட்டு, எழுத்துகள் மட்டும் தெரியும் கருந்திரை முனையத்தில் உள்நுழைந்து டெஸ்க்டாப்பைத் தொடங்கவும் முடியும். வேகத்தை மட்டும் கருதி இதைச் செய்வதில் பெரிய பயனில்லை. டெஸ்க்டாப் ஏறுவதற்கான நேரம் எப்படியும் செலவாகும்.

முதலில், கணினியை யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் பலருக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால் திரை இருக்கட்டும். லினக்ஸின் கருந்திரை முனையம் தமிழ் எழுத்துகளைச் சரிவரக் காட்டாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஜிடிஎம் தரும் திரைவாசிப்பான் வசதியும் இல்லாமல் போகும்.

நீங்கள் ஒருவரே பயன்படுத்துபவராக இருந்தால் அடுத்து டெஸ்க்டாப்பைக் கவனியுங்கள். க்னோமின் திரைப்பூட்டு ஜிடிஎம்மைச் சார்ந்தே இயங்குவதால் அங்கே இதை மாற்ற வேண்டாம். ஐ3, ஸ்வே போன்ற எளிய சாளர மேலாளர்களில் தயங்காமல் மாற்றலாம். முழு வட்டையும் குறியாக்கம் செய்து, தொடக்கத்திலேயே ஒரு கடவுச்சொல் கொடுப்பவர்களுக்குத் தானியங்கி உள்நுழைவே போதும் என்பது என் கருத்து. ஆனால், அப்போது கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீரிங் பூட்டியே இருந்து, தேவைப்படும்போது தனியாகக் கடவுச்சொல் கேட்கலாம்.

மாற்றத் தீர்மானித்தால், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினியில் 'சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள், 'கிராஃபிக்கல்.டார்கெட்' என்று விடை வரும். பிறகு 'சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் மல்டி-யூசர்.டார்கெட்' என்று கொடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். கருந்திரையில் உள்நுழைந்தபின், ஸ்வே பயன்படுத்துவோர் 'ஸ்வே' என்று அடித்தால் போதும். ஐ3 பயன்படுத்துவோர், அது இயங்கத் தேவையான எக்ஸ் சேவையகத்தைத் தொடங்கும் எக்ஸ்இனிட் தொகுப்பை நிறுவி, வீட்டு அடைவிலுள்ள '.எக்ஸ்இனிட்ஆர்சி' கோப்பின் கடைசி வரியாக 'எக்ஸெக் ஐ3' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஐ3-ஐத் தொடங்க வெறும் 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று அடிக்காமல் 'எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்' என்றே அடியுங்கள். இல்லையேல், பூட்டிய திரைக்குப் பின்னால் எக்ஸ் சேவையகம் நின்றுபோகும் நேரத்தில், நீங்கள் உள்நுழைந்த முனையம் எதிரே இருப்பவர் எவருக்கும் அப்படியே திறந்துவிடும்.

டிஸ்பிளே மேனேஜர் தொகுப்பை உடனே நீக்க வேண்டாம். அது இருக்கும்வரை, அதே செட்-டிஃபால்ட் கட்டளையில் 'கிராஃபிக்கல்.டார்கெட்' என்று மாற்றிக் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.