பழைய கார் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குளிர்ந்த எஞ்சினை

பழைய கார் வாங்குபவர்களில் பலர் மெக்கானிக்கைத் தேடி வருவது பணத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான். "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்று சாவியை நீட்டுவார்கள். பானெட்டைத் திறந்ததுமே சில வண்டிகளில் சேதி தெரிந்துவிடும். பின்னால் மனைவியும் குழந்தைகளும் புது வண்டி வாங்கிய மகிழ்ச்சியோடு நின்றுகொண்டிருப்பார்கள். மாதாமாதம் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. அந்த முகங்களைப் பார்த்து உண்மையைச் சொல்வது என் தொழிலில் எனக்கு மிகவும் கஷ்டமான வேலை. அதே பார்வையைப் பணம் கைமாறும் முன் நீங்களே பார்த்துவிடலாம். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுதான். நான் முதலில் கேட்பது பராமரிப்பு பில்களை. ஒழுங்காக ஆயில் மாற்றி 1,50,000 கி.மீ. ஓடிய வண்டி, வருடக்கணக்கில் கவனிப்பாரற்று நின்று 50,000 கி.மீ. மட்டுமே ஓடிய வண்டியைவிட நீண்ட காலம் உழைக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் ரப்பர் குழாய்களும் சீல்களும் இறுகி வெடிக்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும், ஆயில் தரம் கெடும். தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பில் கட்டு ஒன்றை விற்பவர் எடுத்துக் காட்டினால், அதற்காகக் கொஞ்சம் விலை கூடக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

விலை பேசும் முன் ஒரு கணக்கு. கையில் இருக்கும் தொகை முழுவதையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். 15 சதவீதமாவது ஒதுக்கி வையுங்கள். டயர், பேட்டரி, பிரேக் பேடு, எல்லா ஆயில்களும் என்று முதல் சில மாதங்களிலேயே செலவு வரும். அந்தப் பணம் இல்லாதவர்கள் பிரேக் வேலையைத் தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் தள்ளிப்போடக் கூடாத வேலை அது.

எந்த மாடல்? உங்கள் பகுதியில் நிறைய ஓடுகிற, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற மாடல். உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் எஞ்சின் குறைந்த பட்ஜெட்டுக்குப் பாதுகாப்பான தேர்வு. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் குடும்பத்துக்கு நவீன டீசல் கார் வேண்டாம் என்பேன். அதன் புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர வண்டி நல்ல வேகத்தில் நீண்ட தூரம் ஓட வேண்டும். குறுகிய ஓட்டத்தில் கரி அடைத்துக்கொள்ளும், மாற்றுவதும் மலிவல்ல. பழைய சொகுசுக் கார்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்குபவர்களும் உண்டு. விலை இறங்குவது காருக்குத்தான். அதன் உதிரிபாகங்களுக்கு இறங்குவதில்லை.

பார்க்கப் போகும்போது குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றனவா, இருக்கை உறுதியாக மாட்டுகிறதா, பின்வரிசை நடுவில் உட்காருபவருக்கும் தோள்வரை வரும் பெல்ட் உண்டா என்று பாருங்கள். வழுக்கும்போது வண்டியைக் கட்டுக்குள் வைக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருந்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் புதிய கார்கள் அனைத்திலும் அது கட்டாயம். மோதல் சோதனை நட்சத்திரங்களைப் பார்த்தால், எந்த ஆண்டில் வாங்கிய நட்சத்திரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சோதனைகள் கடுமையாகிக்கொண்டே வருவதால் பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல.

இனி வண்டிக்கு வருவோம். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கிறதோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். தேய்ந்த எஞ்சினின் சத்தமும் புகையும் குளிர்ந்த நிலையில்தான் நன்றாக வெளிப்படும். சூடேறிவிட்டால் பாதி மறைந்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும்போது நண்பர் ஒருவரைச் சைலன்சர் பக்கம் நிற்க வையுங்கள். முதல் சில நொடிகள் மெல்லிய நீராவி வந்து மறைவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை இனிப்பு வாசனையோடு வந்துகொண்டே இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது. எஞ்சினின் மேல் பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருக்கக்கூடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. மூன்றில் இது பெரும்பாலும் சிறிய வேலையில் சரியாகிவிடும். மற்ற இரண்டில் எதைக் கண்டாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் உலோகம் தட்டுவதுபோல் டக் டக் என்று கேட்டு, சில நொடிகள் கடந்தும் அடங்காமல் இருப்பதும் நல்ல அறிகுறி அல்ல.

ஆயில் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். பழுப்பாக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் கவலை இல்லை. தார் போலக் கெட்டியான கசடு இருந்தால் நெடுநாள் ஆயில் மாற்றவில்லை என்று பொருள். வெண்மையான பிசுக்கு மூடியில் மட்டும் இருந்தால் குறுகிய ஓட்டத்தால் சேர்ந்த ஈரமாக இருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே பிசுக்கு ஒட்டிவந்தால் ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கிறது என்று எண்ணி விலகுங்கள். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே துருநிறத் தண்ணீர் இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவைதான் பார்வைக்கு மிக அழகாக இருக்கும். ஒரு முறை ஒரு தம்பதி காட்டிய காரின் உட்புறம் பளபளவென்று இருந்தது, நல்ல வாசனையும் அடித்தது. முன் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தேன். சுருளுக்குள் இருந்த கடைசிப் பகுதியில் வண்டல் நிறத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே துணி விறைத்திருந்தது. பிறகு சீட்டின் அடியில் டார்ச் அடித்தோம்; தண்டவாளமும் போல்ட்டுகளும் துருப்பிடித்திருந்தன. டிக்கித் தரையைத் தூக்கினால் ஸ்டெப்னி கிடக்கும் குழியின் மூலையில் மெல்லிய மண். நல்லவேளையாக அவர்கள் இன்னும் முன்பணம் கொடுத்திருக்கவில்லை. நீரில் மூழ்கிய காரின் மின்கம்பி இணைப்புகள் உள்ளுக்குள் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விளக்கு, இன்னொரு நாள் ஏர்பேக் என்று தொல்லை தீராது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

விபத்தைக் கண்டுபிடிக்கவும் அதே சீட் பெல்ட் உதவும். பெல்ட்டின் அடிப்பகுதியில் தயாரிப்புத் தேதியோடு ஒரு துணி லேபிள் தைத்திருக்கும். கார் 2014, பெல்ட் 2018 என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். கதவு, பானெட் இடைவெளிகள் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பானெட்டையும் முன் தடுப்புத் தகடுகளையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரைதான் இருக்கும். அளக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் பட்டி பூசிய இடத்தை உடனே காட்டிவிடுவார். பம்பர் கீறலுக்காக யாரும் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் வளைந்து நிமிர்த்திய வண்டியைத்தான் ஒதுக்க வேண்டும்.

ஓடோமீட்டரைத் திருப்புவது எளிது. பெடல் ரப்பரைத் திருப்ப முடியாது. 40,000 கி.மீ. காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் மழுங்கி, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்து போயிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு வகை என்றால், வண்டிக்குச் செலவு செய்ய மனமில்லாத கைகளில் அது இருந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது சஸ்பென்ஷன் குறை. பள்ளங்களுக்குள் தெரியும் சிறு மேடுகள் 1.6 மி.மீ. உயரம், தேய்மானம் அவற்றைத் தொட்டுவிட்டால் நான்கு டயர் விலையையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரம், மேடு பள்ளமான சாலையும் வேகச் சாலையும் கலந்து ஓட்டுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி மெதுவாக நகர்த்தினால் கட கட என்று சத்தம் வருகிறதா? முன் சக்கர அச்சின் இணைப்பு தேய்ந்திருக்கிறது. மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் விழத் தாமதமாவதும், விழும்போது உதைப்பதும் பெரிய செலவின் அறிகுறி. காலியான நேர்ச்சாலையில் பிரேக்கை அழுத்துங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. இறங்கியதும் நின்ற இடத்தில் ஏதாவது சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மெக்கானிக் மாட்டும்போது, அதில் பதிவான பழுதுக் குறியீடுகளோடு அந்தக் கணினி தானே செய்யும் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அண்மையில்தான் குறியீடுகளை அழித்திருந்தால் அவை முடியாமல் நிற்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படி நிற்கும் என்பதால் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பத்திரங்களில் உள்ள 17 எழுத்து வாகன அடையாள எண் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அதே எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, குறையைச் சரிசெய்ய நிறுவனம் விடுத்த திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று தேடுங்கள். டகாட்டா என்ற நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளின் விவகாரத்தில் பல நிறுவனங்களின் கார்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டுப்போன, ஏர்பேக்கை விரியவைக்கும் வெடிபொருள், மோதலின்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்தது. அதை மாற்றாமல் இன்னும் ஓடும் வண்டிகள் இருக்கின்றன. மாற்றுவதற்குக் கட்டணம் கிடையாது.

எல்லாம் சரியென்று தோன்றினாலும், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரோடு மேற்கொண்டு பேச வேண்டாம். மெக்கானிக் எழுதித் தரும் குறைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில் எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில், அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு தண்ணீர் பம்ப்போடு சேர்த்து மாற்றுங்கள். பல எஞ்சின்களில் ஓடும்போது அந்தப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே வீணாகிவிடும். அந்த பில்லில் கிலோமீட்டரையும் எழுதச் சொல்லி வாங்கி, பழைய பில்களோடு சேர்த்து வண்டியிலேயே வையுங்கள்.